வீடு ‘ஊடு’ ஆகும், வீதி ‘ஊதி’ ஆகாது: கரையோரத் தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பொத்துவிலில் இருந்து கல்முனை வரை, அம்பாறைக் கரையோரப் பாடசாலைகளில் தமிழ்மொழி கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

 

தம்பிலுவிலில் இருந்து எழுதுகிறேன். தமிழ்மொழிப் பாடத்தைப் பல்லாண்டு கற்பித்து ஓய்வுபெற்றவன். இன்றும் பின்னேரங்களில் அயலிலுள்ள பிள்ளைகள் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ‘பசு மூண்டு நிண்டது’ என்று ஒரு பிள்ளை கட்டுரையில் எழுதியிருக்கும். ‘மூண்டு’, ‘நிண்டது’ இரண்டும் சிவப்புப் பேனையால் வெட்டப்பட்டிருக்கும். வெட்டியது சரிதான். எழுத்தில் ‘மூன்று’, ‘நின்றது’ என்றே வரவேண்டும். பரீட்சையில் புள்ளியும் அதற்குத்தான். அதில் எனக்கு எள்ளளவும் மாறுபாடில்லை. ஆனால் பக்கத்தில் ‘கொச்சை’ என்றும் எழுதியிருக்கும். அதற்குத்தான் இந்த மடல்.

அதே கொப்பியின் இன்னொரு பக்கத்தில் புணர்ச்சிப் பாடம் இருக்கும். நிலைமொழி, வருமொழி, தோன்றல், திரிதல், கெடுதல் எல்லாவற்றையும் பிள்ளை மனனம் பண்ணி வைத்திருக்கும். உதாரணம் கேட்டால் புத்தகத்தில் உள்ள வாழைப்பழத்தைத் தாண்டாது. சாதாரண தரத்தில் பிள்ளைகள் மிக அஞ்சுவது இந்தப் பகுதிக்கு. அஞ்சிய பிள்ளை விளையாட்டுத் திடலுக்குப் போய் ஒரு மூச்சில் பேசும் பேச்சில் அத்தனை விதியும் பிசகாமல் நடக்கிறது. நாம் கொச்சை என்று வெட்டுவதும் புணர்ச்சி என்று புகட்டுவதும் ஒரே குணத்தின் இரண்டு முகங்கள். ஒலி தன் அயலைப் பார்த்து நடக்கும். அந்த நடத்தைக்கு ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கு பிள்ளையின் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. அங்கிருந்து பாடத்தைத் தொடங்குங்கள் என்பதே என் வேண்டுகோள்.

வெறும் வேண்டுகோளாக இதை விட்டுவிட மாட்டேன். நம் ஊர்ப் பேச்சிலிருந்தே காட்டுகிறேன்.

நம் கரையில், தமிழர் வாயிலும் முஸ்லிம்கள் வாயிலும், ‘பிள்ளை’ ‘புள்ள’ ஆகிறது. ‘பிடி’ ‘புடி’ ஆகிறது. ‘பிட்டு’ ‘புட்டு’ ஆகிறது. ‘வீடு’ பலருக்கு ‘ஊடு’. “ஊட்ட போறன்” என்பது அக்கரைப்பற்றுச் சந்தையில் நாள் முழுக்கக் கேட்கும் பேச்சு. இகரம் உகரமாகக் கெட்டுவிட்டது என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் கெட்டுப்போவதென்றால் எல்லாம் அல்லவா கெடவேண்டும்? ‘வீதி’யை யாராவது ‘ஊதி’ என்று சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? ‘பித்தம்’ ‘புத்தம்’ ஆவதில்லை. ‘விசர்’ ‘உசர்’ ஆவதில்லை. ‘கிட்ட வா’ என்பதை யாரும் ‘குட்ட வா’ என்பதில்லை.

இந்தச் சொற்களைக் கரும்பலகையில் இரண்டு நிரையாக எழுதிவிட்டு விலகி நின்றால் போதும், வகுப்பே விதியைக் கண்டுபிடித்துவிடும். மாறிய சொற்களில் இகரத்துக்கு முன்னால் ப், வ் ஆகிய எழுத்துகளில் ஒன்று நிற்கிறது. உதடு சேர்ந்து பிறக்கும் ஒலிகள். பின்னால் ட், ள் ஆகியவற்றில் ஒன்று நிற்கிறது. நா வளைந்து அண்ணத்தைத் தொடும் ஒலிகள். இரண்டும் இருந்தால்தான் மாற்றம். ‘வீதி’யில் முன்னால் வகரம் உண்டு, பின்னால் தகரம் வந்து பல்லைத் தொட்டுவிடுகிறது, ஆகவே மாறவில்லை. ‘கிட்ட’வில் பின்னால் டகரம் உண்டு, முன்னால் உதடு இல்லை, ஆகவே மாறவில்லை. இகரத்துக்கு நா முன்னே நீண்டு உயர வேண்டும், உதடு விரிய வேண்டும். முன்னால் நிற்கும் ஒலி உதட்டைக் கூட்டுகிறது, பின்னால் வரும் ஒலி நாவைப் பின்னே வளைக்கிறது. இடையில் அகப்பட்ட இகரம் உகரமாவது வாயின் அமைப்புக்கு இசைந்த காரியம். தொல்காப்பியர் பிறப்பியலில் ஒவ்வொரு எழுத்துக்கும் உதடு, பல், நா, அண்ணம் என்று பிறப்பிடம் வகுத்துச் சொன்னது இந்தக் கணக்கைப் பார்ப்பதற்கு நல்ல கருவி. பிறப்பியலைத் தனிப் பாடமாக ஒப்பிக்க வைத்தால் பிள்ளைக்கு அது வெறும் பட்டியல். ‘ஊடு’ ஏன் வந்தது என்று கேட்டுவிட்டுப் பிறப்பியலைத் திறந்தால் அது விடை.

எழுதும்போது ‘வீடு’ என்றே எழுதச் சொல்லுங்கள். ஆனால் ‘ஊடு’ சொன்ன பிள்ளை விதி தெரியாத பிள்ளை என்று மட்டும் எண்ணாதீர்கள். இரண்டு நிபந்தனைகளைக் கணப்பொழுதில் சரிபார்த்துப் பேசுகிறது அந்தப் பிள்ளை.

இன்னொன்று, குற்றியலுகரம். தரம் 10 பிள்ளைகள் முகம் சுளிக்கும் பாடம். தனிக்குறிலை அடுத்து வரும் உகரம் குறையாது, மற்ற இடங்களில் வல்லின மெய்யை ஊர்ந்து சொல்லின் கடைசியில் வரும் உகரம் குறையும், உயிர் வந்தால் ஓடிவிடும் என்று எத்தனை பாடவேளை சொல்லியிருப்போம்! பிள்ளையிடம் விதியைக் கேட்காதீர்கள். ‘காசு இல்லை’ என்பதைச் சேர்த்து, வீட்டில் சொல்வதுபோலச் சொல்லச் சொல்லுங்கள். “காசில்ல” என்று வரும். ‘பசு இல்லை’யைச் சொல்லச் சொல்லுங்கள். “பசுவில்ல” என்று வரும். “பசில்ல” என்று ஒரு பிள்ளைகூடச் சொல்லாது. இரண்டு சொல்லும் ‘சு’ என்றுதான் முடிகின்றன. வேறுபாடு முன்னால் உள்ள எழுத்தில்: ஒன்றில் நெடில், மற்றதில் தனிக்குறில். அதைப் பார்த்து உகரத்தை விடுவதா, வைத்துக்கொண்டு வகரத்தைச் சேர்ப்பதா என்று வாய் தீர்மானிக்கிறது. மாத்திரைக் கணக்கு என்று நாம் சொல்வதைப் பாலர் வகுப்புப் பிள்ளை போட்டுக்கொண்டிருக்கிறது.

பிள்ளை இந்தச் சொற்களை முன்பே கேட்டுப் பழகியதால் சொல்கிறது, விதி எங்கே இருக்கிறது என்று ஓர் ஆசிரியர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1958இல் ஜீன் பெர்க்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் இதே கேள்விக்கு அழகான வழி ஒன்று கண்டார். சிறு பிள்ளைகளுக்கு ஒரு கற்பனைப் பிராணியின் படத்தைக் காட்டி ‘வக்’ என்று பெயர் சொன்னார். பிறகு இரண்டு பிராணிகளைக் காட்டி, இப்போது என்ன சொல்வாய் என்று கேட்டார். உலகில் இல்லாத அந்தச் சொல்லுக்குப் பிள்ளைகள் பன்மை விகுதியைச் சரியான ஒலியோடு சேர்த்துச் சொன்னார்கள். கேட்டுப் பழகியிருக்க வழியே இல்லை; ஆகவே விதி உள்ளே இருந்திருக்கிறது. நாமும் இதைச் செய்யலாம், செலவு ஒரு வெண்கட்டித் துண்டுதான். ‘நாசு’, ‘நசு’ என்று இரண்டு பிராணிகளைக் கரும்பலகையில் கீறிவிட்டு, பிறகு அழித்துவிட்டு, “இப்ப என்ன இல்ல?” என்று கேளுங்கள். ‘நாசில்ல’, ‘நசுவில்ல’ என்று வருவதைக் கேட்டபின் குற்றியலுகரத்தை எழுதிக் காட்டுங்கள். தங்களுக்குத் தெரிந்த ஒன்றுக்கு இலக்கணக்காரர் பெயர் வைத்திருக்கிறார் என்று பிள்ளைகள் உணரும்போது, அந்தப் பாடத்தின் மேலிருந்த அச்சம் போய்விடும்.

புணர்ச்சிக்கு உதாரணம் தேடிப் புத்தகத்துக்குப் போகவும் வேண்டாம். திருக்கோவிலில் பஸ் ஏறிக் கல்முனையில் இறங்கினால் பாதி இலக்கணம் முடிந்துவிடும். ‘திருக்கோவில்’ என்ற பெயரிலேயே இரண்டு விதி. ‘திரு’வுக்குப் பின் ககரம் மிகுந்திருக்கிறது. ‘கோ’வும் ‘இல்’லும் சேரும் இடத்தில் வகர உடம்படுமெய் தோன்றியிருக்கிறது. இ, ஈ, ஐ தவிர்ந்த உயிர்களுக்குப் பின் வகரம் என்பது நன்னூல் வழி. பெயர்ப்பலகை அந்த வழியில் நிற்கிறது. பஸ்ஸில் இருக்கும் நாமோ “கோயிலுக்குப் போறன்” என்று யகரத்தோடு சொல்கிறோம். இரண்டையும் தமிழ் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அக்கரைப்பற்றில் பகரம் மிகுந்தது, அட்டாளைச்சேனையில் சகரம் மிகுந்தது. ஆலையடிவேம்பில் ஐகாரத்துக்குப் பின் யகரம். நிந்தவூரில் அகரத்துக்கும் ஊகாரத்துக்கும் இடையில் வகரம். சாய்ந்தமருதில் எதுவும் மிகவில்லை, வருவது மகரம். மிகுவது வல்லினத்தின் குணம். கல்முனையைத் தாண்டினால் பாண்டிருப்பு. பெயர் வந்த கதை எதுவானாலும், ‘பாண்டு’, ‘இருப்பு’ என்று பிரித்தால் உகரம் ஓடிப்போனது தெரிகிறது. உள்ளே திரும்பினால் சம்மாந்துறை. ‘சம்மான் துறை’ என்று ஊரார் சொல்லும் விளக்கத்தை எடுத்துக்கொண்டால், னகரம் தகரத்தின் முன்னே நகரமாகிப் பல்லில் போய் ஒட்டிக்கொண்டது. வருகின்ற ஒலியின் இடத்துக்கு நிற்கின்ற ஒலி நகர்வது. உலகத்து மொழிகளில் மிகச் சாதாரணமாக நடப்பது இது.

விதிக்கு அடங்காத பெயர்களும் அதே பாதையில் இருக்கின்றன. அவற்றை ஒளிக்காதீர்கள், அவைதான் நல்ல பாடம். காரைதீவு ஐகாரத்தில் முடிகிறது, வருவது தகரம். அக்கரைப்பற்றுப் போல் மிகுந்திருக்க வேண்டும், மிகவில்லை. யாழ்ப்பாணத்து அனலைதீவிலும் மிகவில்லை. முல்லைத்தீவிலோ மிகுந்திருக்கிறது. கல்முனை இன்னும் சுவையானது. லகரம் மெல்லினத்தின் முன்னே னகரமாகும் என்பது நன்னூல் விதி. கல்லும் மலையும் சேர்ந்தால் ‘கன்மலை’. அந்தக் கணக்கில் நம் நகரம் ‘கன்முனை’ ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. இன்று ‘நெல்மணி’யை ‘நென்மணி’ என்று பேச்சில் யார் சொல்கிறார்கள்? செய்யுளில் உயிரோடிருந்த அந்த விதி பேச்சில் ஓய்ந்துவிட்டது. ஒலி விதிகளுக்கும் பிறப்பு உண்டு, ஓய்வு உண்டு. இதைச் சொன்னால் இலக்கணத்தின் மதிப்புக் குறைந்துவிடும் என்று சிலர் தயங்குவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்தக் காலத்து வாயிலிருந்து ஒரு விதி எழுதப்பட்டது என்று தெரிந்தால் அந்த நூலை இன்னும் மதிப்போடு படிக்கலாம்.

எங்கள் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் வரும் பகரத்துக்கு ‘பீ’ என்ற இரண்டாவது எழுத்தைப் போடுகிறோம். பொத்துவிலின் பகரத்துக்கும் அக்கரைப்பற்றின் பகரத்துக்கும் வேறோர் எழுத்து. தமிழில் மூன்றும் ஒரே பகரம். யாரும் வகுப்பில் சொல்லித் தரவில்லை. ஆனால் தம்பிலுவிலின் பகரம் வேறு மாதிரி என்று கை அறிந்திருக்கிறது. பிள்ளைகளைத் தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு ‘வாப்பா’ என்றும் ‘தம்பி’ என்றும் சொல்லச் சொல்லுங்கள். முதலாவதில் நடுவே அதிர்வு நின்று மீண்டும் தொடங்கும். இரண்டாவதில் நிற்காது. மூக்கொலிக்குப் பின்னே வரும் வல்லினம் அந்த அதிர்வைத் தொடர்ந்து வாங்கிக்கொள்கிறது. ககரமும் அப்படியே: ‘கடல்’, ‘அக்கா’, ‘சங்கு’, ‘பகல்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘சங்கில்’ அதிர்கிறது, ‘பகலில்’ இளகி ஏறக்குறைய ஹகரமாகிறது. எந்த இடத்தில் எது வரும் என்பது அயலைப் பார்த்தே தீர்ந்துவிடுவதால் தமிழுக்கு ஒரு ககரமே போதும். சிங்களத்தில் அந்த அதிர்வு சொல்லையே மாற்றிவிடும். ஆகவே அங்கே தனித்தனி எழுத்து வேண்டும். மனதில் ஒன்றாக நிற்கும் ஒலிக்கு மொழியியலாளர் ஒலியன் என்று பெயர் வைத்தார்கள். வாயில் அது எடுக்கும் வடிவங்கள் மாற்றொலிகள். தமிழ் எழுத்துமுறை பெரும்பாலும் ஒலியனைத்தான் எழுதுகிறது. ‘தமிழில் எழுத்துப் போதாது’ என்று சொல்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஓர் ஊர்ப் பெயர் மட்டும் இன்னும் சொல்ல வேண்டும். திருக்கோவிலுக்குத் தெற்கே, இலங்கையின் கிழக்குக் கோடியான முனையைத் தன் பெயரில் வைத்திருக்கும் சங்கமன்கண்டி. பிள்ளையார் கோயிலுக்குப் போகிற எல்லோருக்கும் தெரிந்த இடம். அந்தப் பெயரில் ககரம் இரண்டு தடவை வருகிறது, இரண்டும் மூக்கொலியை அடுத்தே வருகின்றன. முதலாவது அதிர்கிறது, இரண்டாவது அதிர்வதில்லை. ஆங்கிலப் பலகையிலும் இரண்டு வேறு எழுத்துகள். காரணம், இரண்டாவது ககரம் ‘கண்டி’ என்ற தனிச்சொல்லின் முதல் எழுத்து. சொல்லின் வாசலில் நிற்கும் வல்லினத்தை விதி தொடுவதில்லை. அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லும்போதும் அது இரண்டு சொல்லால் ஆனது என்று நம் வாய்க்கு நினைவிருக்கிறது. புணரியல் ஏன் நிலைமொழி, வருமொழி என்று இத்தனை அக்கறையோடு பிரித்துப் பேசுகிறது என்று பிள்ளைக்கு விளங்க இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

இனி ‘மூண்டு’க்கு வருகிறேன். ஒன்று ‘ஒண்டு’, மூன்று ‘மூண்டு’, கன்று ‘கண்டு’, பன்றி ‘பண்டி’, நின்று ‘நிண்டு’, என்று ‘எண்டு’, இன்றைக்கு ‘இண்டைக்கு’. யாழ்ப்பாணத்திலும் இதுவே, நம் கரையிலும் இதுவே. தம்பிலுவில் அம்மன் கோயில் வீதியிலும் மருதமுனைத் தறி வீட்டிலும் இதுவே. இது ஒரு சொல்லில் ஏற்பட்ட பிசகு என்றால் இத்தனை சொல்லில் ஒரே மாதிரி நடக்காது. ஆனால் ‘நன்றி’ ‘நண்டி’ ஆகவில்லை. ‘மன்றம்’ ‘மண்டம்’ ஆகவில்லை. விளையாட்டு மன்றத்துக் கூட்டத்தில் “ஒண்டு சொல்லோணும்” என்று எழுந்தவர் “நன்றி” என்றுதான் அமர்கிறார். ‘நன்றி’, ‘மன்றம்’ ஆகியன எழுத்து வழியாகவும் மேடை வழியாகவும் நம் பேச்சுக்குள் வந்தவை. ‘ஒண்டு’ தாய் வழியாக வந்தது. சொற்களின் வருகை வழியை ஒலி காட்டிக்கொடுக்கிறது.

திருத்துவதற்கும் இது உதவும். ‘கண்டு’ என்று காதில் விழுந்தால் அது ‘பார்த்து’ என்ற கண்டாகவும் இருக்கலாம், பசுவின் கன்றாகவும் இருக்கலாம். இரண்டு ஊற்றுகள் ஒரே ஒலியில் வந்து கலந்திருக்கின்றன. எழுதும்போது எந்த ஊற்று என்று கேட்டு எழுத வேண்டும். இப்படிச் சொல்லித் திருத்திய பிள்ளை அடுத்த முறை தானே நின்று யோசிக்கும். ‘கொச்சை’ என்று மட்டும் எழுதினால், தாயும் தகப்பனும் பேசுவது பிழை என்ற எண்ணத்தை வீட்டுக்குக் கொண்டுபோகும். ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று எழுதும் பிள்ளையும் தன் காதில் விழுந்ததைத்தான் நேர்மையாக எழுதியிருக்கிறது.

முஸ்லிம் பாடசாலைகளில் கற்பிக்கும் நண்பர்களுக்கு இன்னொரு களஞ்சியம் இருக்கிறது. தமிழ்ச் சொல் ஒன்று இரண்டு மெய்யில் முடியாது. அரபுச் சொல் முடியும். அஸ்ர் என்ற தொழுகை நேரம் நம் ஊர்களில் ‘அஸர்’ ஆகிறது. இரண்டு மெய்க்கும் நடுவே ஓர் உயிர் புகுந்துவிட்டது. கடமை என்று பொருள்படும் பர்ழ் ‘பர்ளு’ ஆகிறது; அங்கே உயிர் கடைசியில் போய் ஒட்டிக்கொண்டது. ‘றோட்டு’ம் ‘பஸ்ஸு’ம் ஆங்கிலத்திலிருந்து வந்து உகரம் வாங்கிக்கொண்டது போலத்தான். நோன்பு மாதத்தை இங்கே ‘றமழான்’ என்று ழகரமிட்டு எழுதுகிறோம். அரபில் அந்த இடத்தில் இருப்பது தமிழில் இல்லாத ஒரு கனத்த ஒலி. தங்களிடம் உள்ள எழுத்துகளில் அதற்கு மிக அண்மையானது எது என்று நம் முன்னோர் காதால் தேடி ழகரத்தைத் தெரிந்திருக்கிறார்கள். ‘ஒழு’விலும் அதே தெரிவு. அரபுத்தமிழ் எழுதியவர்களோ எதிர்த்திசையில் அதே வேலையைச் செய்தார்கள். அரபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் புள்ளியும் குறியும் கூட்டினார்கள். கல்முனைக்குடியில் பிறந்த பேராசிரியர் எம்.ஏ. நுஃமானின் பெயரைப் பாருங்கள். தொண்டையடியில் பிறக்கும் அரபு ஒலி ஒன்றுக்கு அதில் ஆய்தம் நிற்கிறது. நுஃமான் எழுதிய ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ உங்களில் பலர் கையில் இருக்கும். இக்காலத் தமிழை இக்காலத் தமிழாகவே பார்த்து இலக்கணம் எழுதலாம் என்று காட்டிய நூல் அது. நம் கரையில் பிறந்த மொழியியலாளர் ஒருவர் வழிகாட்டிய பின்னும் நம் பிள்ளைகளின் பேச்சை நாமே இளக்காரமாகப் பார்ப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

வெளியார் என்ன சொன்னார்கள் தெரியுமா? செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் இலங்கைத் தமிழைப் பற்றி 1966இல் எழுதியபோது, பேச்சுத் தமிழ்கள் எல்லாவற்றிலும் எழுத்துத் தமிழுக்கு மிக நெருங்கி நிற்பது மட்டக்களப்புத் தமிழ் என்றார். 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும் வரை நாமும் மட்டக்களப்பு மாவட்டம்தான். பேச்சில் இன்றும் அதே நிலம். தமிழ்நாட்டுப் பேச்சில் ‘மரம்’ என்பதன் கடைசி மகரம் மூக்கில் கரைந்து உயிரோடு கலந்துவிடுகிறது. நாம் உதட்டை மூடி மகரத்தை முடிக்கிறோம். அங்கே ‘குடை’ ‘கொடை’யாகவும் ‘இடம்’ ‘எடம்’ ஆகவும் இறங்கிவிட்டன. அந்த மாற்றம் இலங்கைத் தமிழில் பெரும்பாலும் பரவவில்லை. இதனால் நாம் உயர்ந்தவர்கள், அவர்கள் தாழ்ந்தவர்கள் என்று எந்த வகுப்பிலும் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் சில விதிகளைப் புதிதாகத் தொடங்கினார்கள், நாம் வேறு சில தொடங்கினோம். ‘இருக்கு’ என்பதை ‘இரிக்கி’ என்று முன்னுள்ள இகரத்தோடு பின்னுள்ள உயிர்களையும் ஒத்துப்போக வைத்தது நம் தொடக்கம்.

ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவில் ஊருக்கு ஊர் தெரிவு வேறு. ஆங்கில டகரத்தைத் தமிழ்நாட்டுக் காது டகரமாகக் கேட்கிறது. இலங்கைக் காது அதைப் பல்மேட்டில் பிறக்கும் றகரத்தின் இனமாகக் கேட்டது. ஆகவேதான் சென்னையில் ‘டியூஷன்’, இங்கே ‘ரியூசன்’. அங்கே ‘டொராண்டோ’, கனடாவில் குடியேறிய நம்மவர் பத்திரிகையில் ‘ரொறன்ரோ’. இரண்டும் காதின் தீர்ப்புகள், இரண்டுக்கும் காரணம் உண்டு. பிள்ளை இதை ஒருமுறை விளங்கிக்கொண்டால் ‘எது சரி சேர்?’ என்ற கேள்வியைவிட நல்ல கேள்விகளைக் கேட்கத் தொடங்கும்.

காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தரை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம், சிலைக்கு மாலை போடுகிறோம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் என்று பேச்சுப் போட்டியில் பிள்ளைகள் சொல்கிறார்கள். அவர் விஞ்ஞானப் பட்டதாரி என்பதும், 1947இல் வெளிவந்த ‘யாழ் நூல்’ ஒலியைக் கணக்கிட்டு ஆராய்ந்த நூல் என்பதும் அந்தப் பேச்சுகளில் வருவதில்லை. சோழமண்டலத் தமிழையும் ஈழமண்டலத் தமிழையும் ஒப்பிட்டு அவர் கட்டுரையே எழுதியிருக்கிறார். காது கொடுத்துக் கேட்பதும் அளந்து பார்ப்பதும் புலமையின் பகுதி என்று வாழ்ந்து காட்டியவர். மாலையோடு இதையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

என்ன செய்யச் சொல்கிறேன்? பாடத்திட்டத்தை மாற்றச் சொல்லவில்லை. அது உங்கள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. புணர்ச்சிப் பாடம் தொடங்கும் கிழமையில் முதலாவது பாடவேளையைப் புத்தகம் மூடி நடத்துங்கள். பிள்ளைகள் வீட்டில் கேட்ட சொற்களை, கேட்டபடியே, ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வரட்டும். உம்மம்மாவும் அம்மம்மாவும் சொல்வதை அப்படியே எழுதட்டும். அந்தக் கொப்பிக்குச் சிவப்புப் பேனை வேண்டாம். சொற்களை ஒலி பார்த்துக் கூட்டம் கூட்டமாகப் பிரிக்கச் சொல்லுங்கள். எங்கே மாறுகிறது, எங்கே மாறவில்லை, அயலில் என்ன நிற்கிறது என்று கேளுங்கள். மாறாத சொற்களையும் கட்டாயம் தேடச் சொல்லுங்கள். ‘ஊடு’ மட்டும் இருந்தால் அது ஒரு சொல், ‘வீதி’யும் பக்கத்தில் வந்தால்தான் விதி. அதன் பிறகு தொல்காப்பியரின் மெய்பிறிதாதல், மிகுதல், குன்றல் என்ற மூன்றையும் சொல்லுங்கள். பிள்ளைகளின் கொப்பியிலேயே மூன்றும் இருக்கும். இன்றைய ஒலியனியல் உலக மொழிகளைப் பார்க்கும்போதும் மாறுதல், சேருதல், கெடுதல் என்றே பெரும்பாலும் பிரிக்கிறது என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

எழுத்து வழக்கைக் கறாராகவே கற்பியுங்கள். விண்ணப்பம் எழுதவும், பரீட்சை எழுதவும், யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் இருப்பவர் எழுதியதைப் படிக்கவும் அது வேண்டும். வீட்டுப் பேச்சை மதிப்பதால் எழுத்து வழக்குத் தளராது. எந்த விதியால் பேச்சு எழுத்திலிருந்து விலகியது என்று தெரிந்த பிள்ளைக்குத் திரும்பிவரும் வழியும் தெரிந்திருக்கும்.

நம் கரையில் தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை என்று மதில் தனித்தனி. ஒருவர் பேச்சை மற்றவர் சொல்லிக் காட்டிச் சிரிப்பதும் நடக்கிறது, பிள்ளைகளும் அதைப் பழகிக்கொள்கிறார்கள். மேலே நான் எழுதிய விதிகளை மறுபடி பாருங்கள். முறைப்பெயர் வேறு, வழிபாட்டுச் சொல் வேறு, சில உயிர்களின் சாயல் வேறு. ‘மூண்டு’ம் ‘புள்ள’யும் ‘காசில்ல’யும் மதிலின் இரண்டு பக்கத்திலும் ஒன்றுதான். ஆகவே சொல்லேடுகளை மாற்றிக்கொள்ளுங்கள். தம்பிலுவில் வகுப்பின் கொப்பி அக்கரைப்பற்று வகுப்புக்குப் போகட்டும், நிந்தவூர்க் கொப்பி காரைதீவுக்கு வரட்டும். எது ஒத்தது, எது ஒவ்வவில்லை என்று பிள்ளைகளே குறித்து அனுப்பட்டும். அட்டாளைச்சேனைக் கல்வியியற் கல்லூரியில் பயிலும் இளம் ஆசிரியர்களுக்கும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்து மாணவர்களுக்கும் இந்தக் கொப்பிகள் பிறகு நல்ல ஆய்வுப் பொருளாகும்.

தரம் 9இல் தொடங்குவது நல்லது. பரீட்சைப் பதற்றம் இன்னும் வந்திருக்காது. தவணை தொடங்கிய முதல் மாதத்தில் செய்தால் புணர்ச்சிப் பாடத்துக்கு நேரத்தோடு போய்ச் சேரலாம். சொற்களைப் பிரிப்பதில் சந்தேகம் வந்தால், எங்கள் ஊர்ப் பாடசாலை அதிபர் மூலம் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். பஸ் ஓடும் எந்த ஊருக்கும் வருவேன், எந்த மதிலுக்கு உள்ளேயும் வருவேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்
தம்பிலுவில்